சிவப்புப் பேனையைத் திறக்க முன்

புதிய நியமனத்தோடு கல்முனைப் பக்கம் வந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும், ஒப்படை திருத்துவது பற்றிச் சில சொல்லி வைக்கிறேன்.

1. ரூப்ரிக் (நியதிகளும் நிலைகளும் கொண்ட புள்ளி அட்டவணை) என்றதும் பயப்பட வேண்டாம். 2007 கலைத்திட்டச் சீர்திருத்தத்தோடு மகரகம தேசிய கல்வி நிறுவகத்திலிருந்து வந்த ஆசிரியர் அறிவுரைப்பு வழிகாட்டிகளைப் புரட்டிப் பாருங்கள். மிக நன்றுக்கு 4, நன்றுக்கு 3, சாதாரணத்துக்கு 2, விருத்தியடைய வேண்டும் என்றால் 1. ஆனால் 'மிக நன்று' என்ற சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் நேர்மையாகத் திருத்த முடியாது. அந்த 4 கொப்பியில் எப்படி இருக்கும் என்று நீங்கள்தான் எழுத வேண்டும்.

2. தரம் 8 பிள்ளைகளை மருதமுனைக்குக் கைத்தறி பார்க்கக் கூட்டிப் போய் அறிக்கை கேட்கிறீர்கள் என்று வையுங்கள். 'அவதானிப்பு' ஒரு நியதி. நூலுக்குச் சாயம் போடுவது, பாவு ஓட்டுவது, தறியில் ஏற்றுவது, நெய்வது என்று வேலை நடக்கும் ஒழுங்கிலேயே, தான் கண்ட சின்ன விபரங்களோடு எழுதியிருந்தால் 4. ஒழுங்கு சரி, ஒரு படி விடுபட்டிருக்கிறது என்றால் 3. கண்டது இருக்கிறது, ஒழுங்கில்லை என்றால் 2. 'மருதமுனைக்குப் போனோம், தறி பார்த்தோம், மகிழ்ச்சியாக வீடு திரும்பினோம்' என்றால் 1. சிரிக்காதீர்கள், பாதிக் கொப்பி இப்படித்தான் வரும்.

3. நாலைந்து நியதி போதும்.

4. ஒரு பிழைக்கு ஒரு இடத்தில்தான் வெட்டு. கதையில் 'மறுகா வாப்பா வந்தார்' என்று பேச்சு வழக்கில் பிள்ளை எழுதினால் அதை மொழிநடையில் பாருங்கள், கற்பனைக்குரிய புள்ளியில் கைவைக்காதீர்கள். உரையாடலுக்குள் வந்தால் மொழிநடையிலும் வெட்டத் தேவையில்லை. இது என் கட்சி. உங்கள் அதிபர் ஒத்துக்கொள்வாரோ தெரியாது. கையெழுத்து அழகுக்குப் புள்ளி கொடுப்பதென்றால் அதையும் நியதியாகவே போடுங்கள். மறைவாகக் கூட்ட வேண்டாம்.

5. அட்டவணையை வேலை கொடுக்கும் அன்றே சுவரில் ஒட்டுங்கள். திருத்தியபின் ஒவ்வொரு நியதிக்கும் பக்கத்தில் நிலையை எழுதுங்கள். கூட்டி நூற்றுக்கு மாற்றிய 62ஐ மட்டும் கண்ட பிள்ளை, 'பீ' எடுக்க இன்னும் மூன்று புள்ளி என்று கணக்குப் பார்த்துவிட்டுக் கொப்பியை மூடிவிடும்.

6. 'எனக்குத் தெரியாததா, பார்த்தவுடன் புள்ளி சொல்வேன்' என்பவர்கள் ஆசிரியர் அறையில் இருப்பார்கள். அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்: அமெரிக்காவில் போல் டீடரிக் என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் 300 கட்டுரைகளை 53 பேரிடம் கொடுத்து, ஒன்பது தரங்களில் பிரிக்கச் சொன்னார்கள். நியதி எதுவும் கொடுக்கவில்லை. 1961இல் வெளியான முடிவின்படி 101 கட்டுரைகள் ஒன்பது தரத்தையும் வாங்கியிருந்தன! ஒரே கட்டுரைதான், ஒருவருக்கு முதல்தரம், இன்னொருவருக்குக் கடைசி. அந்த 53 பேரும் படித்தவர்கள்தான்.

7. ஆகவே ஐந்து கொப்பியை, உங்கள் புள்ளியைக் காட்டாமல், பக்கத்து வகுப்பு டீச்சரிடம் கொடுங்கள். இரண்டு பேருக்கும் ஒரு நிலைக்கு மேல் வித்தியாசம் வந்தால், எந்த வரியை வேறு வேறாக விளங்கினீர்கள் என்று பார்த்து, அந்த வரியைத் திருத்தி எழுதுங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம். முஸ்லிம் பாடசாலை பதினொன்றரைக்கே விட்டுவிடும்; ஜும்ஆவுக்கு ஓடும் அவசரத்தில் எல்லாருக்கும் நாலுதான் விழும்.