செஷன் முடியுமுன் விண்ணப்பத்தை முடியுங்கள்

தஞ்சை, திருவாரூர், நாகைப் பக்கம் இ-சேவை, பொதுச் சேவை மையங்களில் வேலை பார்ப்பவர்களுக்கு ஐப்பசிதான் சோதனைக் காலம். சம்பா நெல்லுக்குப் பயிர்க் காப்பீடு செய்யும் கடைசி நாள் அண்மை ஆண்டுகளில் நவம்பர் 15-ஐ ஒட்டி வருகிறது. வாசலில் வரிசை, வெளியே மழை. பாதி நிரப்பிய படிவம் திடீரென லாகின் பக்கத்துக்குத் திரும்பிவிடும். “சர்வர் டவுன் ஐயா” என்று சொல்லிவிடுகிறோம். பல நேரம் சர்வர் நன்றாகத்தான் இருக்கிறது. நமது செஷன்தான், அதாவது லாகின் செல்லுபடியாகும் நேரம்தான், முடிந்திருக்கிறது.

நீங்கள் தட்டச்சு செய்வது சர்வருக்குத் தெரியாது. ‘சேமி’ அல்லது ‘அடுத்து’ அழுத்தினால்தான் தகவல் அங்கே போகும். பெரும்பாலான தளங்களில் செஷனுக்கான கெடுவும் அப்போதுதான் புதிதாகத் தொடங்கும். தளம் கட்டும் மென்பொருள் பலவற்றில் இயல்பான கெடு 20 அல்லது 30 நிமிடம். ஆதாரும் வங்கிக் கணக்கும் கையாளும் தளங்களில் இதைக் குறைத்தும் வைப்பார்கள். அதில் தவறில்லை. நீங்கள் டீ குடிக்கப் போன நேரத்தில் இன்னொருவர் அந்தத் திரையில் உட்கார்ந்தால் என்னாவது?

ஆகவே கெடுவோடு மல்லுக்கட்ட வேண்டாம், லாகினுக்கு முந்தைய வேலையைக் கூட்டுங்கள். கிராம நிர்வாக அலுவலர் தந்த அடங்கல், சிட்டா, ஆதார், பாஸ்புக்கின் முதல் பக்கம் எல்லாம் மேசைக்கு வந்த பிறகே லாகின். ஸ்கேன் செய்து, தளம் கேட்கும் அளவுக்குக் கோப்பைச் சுருக்கி, ஒவ்வொருவருக்கும் தனி ஃபோல்டரில் வையுங்கள். அதிக நேரம் தின்பது சர்வே எண்ணும் உட்பிரிவும்தான். நாலு துண்டாகக் கிடக்கும் நிலம் என்றால் முதலில் நோட்பேடில் அடித்துவிட்டு, படிவத்தில் ஒட்டுங்கள்; வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள். ஓடிபி வரும் செல்போன் வீட்டில் மகனிடம் இருக்கிறதா என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள்.

ஒரே பிரவுசரில் இரண்டு டேப் திறந்து இரண்டு விவசாயிகளுக்கு நிரப்புவது வேகம் போலத் தெரியும். ஒன்றின் செஷன் மற்றதைக் கெடுக்கலாம், விவரங்களும் மாறிப்போகலாம். பக்கத்தைத் தானாகப் புதுப்பிக்கும் செருகு நிரல்களும் வேண்டாம், அடித்ததெல்லாம் அழிந்துபோகும்.

தளம் உருவாக்கும் இளைஞர்களுக்கும் ஒன்று. வெளியேற்றுமுன் எச்சரித்து, நீட்டிக்கக் குறைந்தது 20 விநாடி தருவது டபிள்யூ3சி அமைப்பின் அணுகல் நெறிகள் 2008 முதலே காட்டும் வழி. கூடவே வரைவைத் தளம் தானாகச் சேமிக்கட்டும்.

பணம் கட்டும்போது செஷன் போனால் உடனே மறுபடி கட்டாதீர்கள். விண்ணப்ப நிலையை முதலில் பாருங்கள். ரசீதைக் கொடுக்குமுன் அதிலுள்ள சர்வே எண்ணை அடங்கலோடு ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள். அவசரத்தில் இரண்டாம் முறை நிரப்பிய படிவத்தில்தான் எண் தவறுகிறது.