முதலில் மேனேஜர், அப்புறம் மோடம்

காலை 10:50. பதினோரு மணிக்கு கிளையன்ட் மீட்டிங். லேப்டாப்பின் வலது மூலையில் வைஃபை குறி இருந்த இடத்தில் ஒரு பூகோள உருண்டை வந்து உட்கார்ந்திருக்கிறது. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கு அதைப் பார்த்ததும் வயிற்றிலும் ஒன்று உருளும்.

எனக்கும் உருண்டது. அன்று நான் செய்ததைச் சொல்கிறேன், நீங்கள் செய்யாதீர்கள். லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்தேன். வைஃபை டிரைவரை நீக்கி மறுபடி போட்டேன். நெட்வொர்க் ரீசெட் கொடுத்தேன். சேமித்து வைத்திருந்த பாஸ்வேர்டெல்லாம் அதோடு போயிற்று. முக்கால் மணி நேரம் கழித்து ஹாலிலிருந்து மனைவியின் குரல்: "ஏங்க, இந்தப் பெட்டியில சிவப்பு லைட்டு மினுக்கிட்டே இருக்கே, அது பரவால்லையா?"

முந்தின நாள் பீரோவை நகர்த்தியிருந்தோம். அதன் முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் மஞ்சள் ஃபைபர் ஒயர் மடங்கி நசுங்கிக் கிடந்தது. பீரோவை ஒரு சாண் இழுத்ததும் சிவப்பு அணைந்து பச்சை வந்துவிட்டது. மீட்டிங் போனது போனதுதான். மேனேஜர் திட்டவில்லை, ஒன்றே ஒன்று கேட்டார்: "10:50-க்கே ஒரு மெசேஜ் போட்டிருக்கலாமே?"

ஆக, தப்பு இரண்டு. யாரிடமும் சொல்லவில்லை. கோளாறு எந்தப் பக்கம் என்று பார்க்காமலே கையை வைத்தேன்.

இரண்டு நிமிடத்தில் ஒரு மெசேஜ்

"சார், நெட் ப்ராப்ளம்" என்று மொட்டையாக அனுப்பாதீர்கள். அதைப் படிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. அடுத்து அவர்தான் உங்களைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். இப்படி அனுப்புங்கள்: "வீட்டில் நெட் போய்விட்டது. 11 மணி மீட்டிங்கில் போனிலிருந்து சேர்கிறேன், வீடியோ இருக்காது. என் ஸ்லைடுகள் நேற்றே குரூப்பில் இருக்கின்றன. 12 மணிக்கு நிலவரம் சொல்கிறேன்." என்ன ஆயிற்று, இப்போது என்ன செய்கிறேன், மறுபடி எப்போது பேசுவேன் என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. நெட் போவதை எந்த மேனேஜரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆள் காணாமல் போவதைத்தான் எடுத்துக்கொள்வார்.

மெசேஜ் போனதும் போனின் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு மீட்டிங்கில் சேர்ந்துவிடுங்கள். சார்ஜர் கேபிள் கையில் இருந்தால் யூஎஸ்பி டெதரிங் இன்னும் நல்லது. இணைப்பு நிலையாக இருக்கும், போனும் சார்ஜ் ஆகும். சில மலிவு கேபிள்கள் சார்ஜ் மட்டும்தான் ஏற்றும், டேட்டா கடத்தாது. லேப்டாப் போனைக் கண்டுகொள்ளாவிட்டால் கேபிளை மாற்றிப் பாருங்கள். இன்னொரு காரியம்: விண்டோஸில் அந்த ஹாட்ஸ்பாட்டை 'மீட்டர்டு கனெக்‌ஷன்' என்று குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் மீட்டிங்கில் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் அப்டேட் இறங்கி அன்றைய டேட்டாவைக் குடித்துவிடும்.

எந்தப் பக்கம் கோளாறு?

மீட்டிங் முடிந்தது. இனி நிதானமாகப் பார்க்கலாம். கேட்க வேண்டிய முதல் கேள்வி: அதே வைஃபையில் வேறொரு போனில் நெட் வருகிறதா?

இதைச் சோதிக்கும்போது பாதிப் பேர் ஏமாறுவார்கள். வைஃபையில் நெட் இல்லையென்றால் ஆண்ட்ராய்டு போன் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். யூடியூப் ஓடும், "போன்ல வருதே, அப்ப லேப்டாப்தான் கெட்டுப்போச்சு" என்று நாம் தப்பான பக்கம் போவோம். ஆகவே மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுச் சோதியுங்கள். போனில் வந்தால் கோளாறு கம்ப்யூட்டரில். போனிலும் வராவிட்டால் மோடம் பெட்டியிலோ அதற்கு அப்பாலோ. பாதி வேலை இதிலேயே முடிந்தது.

போனிலும் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். பெட்டியருகே போய் விளக்குகளைப் படியுங்கள். ஃபைபர் பெட்டிகளில் 'பான்' என்றொரு விளக்கும் 'எல்ஓஎஸ்' என்றொரு விளக்கும் இருக்கும். பான் பச்சையாக நிலைத்து எரிந்தால் உங்கள் பெட்டி நெட் கம்பெனியின் கருவியோடு பேசிக்கொண்டிருக்கிறது. எல்ஓஎஸ் சிவப்பில் மினுக்கினால் ஒளியே வந்து சேரவில்லை. ஃபைபருக்குள் ஓடுவது கரண்ட் அல்ல, வெளிச்சம். ஒயரைக் கூர்மையாக மடித்தால் வெளிச்சம் மடிப்பிலேயே வெளியே கசிந்துவிடும். ஓர் எலுமிச்சம்பழத்தைச் சுற்றும் அளவுக்காவது வளைவு இருக்கட்டும். பெட்டியில் செருகியிருக்கும் முனை சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். முனையைக் கழற்றிக் கண்ணருகே வைத்து உற்றுப் பார்க்கும் ஆசை மட்டும் வேண்டாம். அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர். மடிப்பும் இல்லை, முனையும் சரி, சிவப்பு அணையவில்லை என்றால் தெருவில் எங்கோ ஒயர் அறுந்திருக்கலாம். அதற்கு நீங்கள் செய்ய ஒன்றும் இல்லை, புகார்தான்.

பான் பச்சை, எல்ஓஎஸ் அணைந்திருக்கிறது, இருந்தும் வீட்டில் எதிலும் நெட் இல்லையா? ரீசார்ஜ் முடிந்துவிட்டதா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள், இது அடிக்கடி நடப்பதுதான். பணம் கட்டியிருந்தால் பெட்டியின் பவரை அணைத்து, அரை நிமிடம் விட்டுப் போட்டு, மூன்று நிமிடம் பொறுங்கள். பெட்டியின் பின்னால் குண்டூசி நுழையும் அளவில் ஒரு துளை இருக்கும். அதில் எதையும் நுழைக்காதீர்கள். அது ரீஸ்டார்ட் அல்ல, ரீசெட். கம்பெனி ஆள் வந்து போட்டுக்கொடுத்த யூசர்நேம் முதற்கொண்டு எல்லாம் அழிந்துவிட வாய்ப்புண்டு. பிறகு அவர் திரும்ப வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

கம்ப்யூட்டர் பக்கம்

போனில் நெட் வருகிறது, கம்ப்யூட்டரில் மட்டும் இல்லை என்றால், ஏர்ப்ளேன் மோட் தெரியாமல் கை பட்டு ஆன் ஆகியிருக்கிறதா, பக்கத்து வீட்டு வைஃபையில் தொங்குகிறதா என்பதை ஒரு பார்வையில் முடித்துவிட்டுக் கமாண்ட் பிராம்ப்டைத் திறங்கள். ஐபிகான்ஃபிக் என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டினால் வரும் வரிகளுக்கு நடுவே உங்கள் கம்ப்யூட்டரின் முகவரி இருக்கும். 192.168 என்று தொடங்கினால் பெரும்பாலும் சரி. 169.254 என்று தொடங்கினால் விஷயம் வேறு. ரேஷன் கடையில் டோக்கன் கிடைக்காதவர் தானே ஒரு நம்பரை எழுதிக்கொண்டு வரிசையில் நிற்பது போலத்தான் அது. ரௌட்டரிடம், அதாவது அந்தப் பெட்டியிடம், முகவரி கேட்டு, பதில் வராமல், கம்ப்யூட்டர் தனக்குத் தானே போட்டுக்கொண்ட எண். அதை வைத்து இணையத்துக்குப் போக முடியாது. வைஃபையைத் துண்டித்து மறுபடி இணையுங்கள். போதாவிட்டால் ரௌட்டரை அணைத்துப் போடுங்கள்.

முகவரி சரியாக இருந்தால் அடுத்து, பிங் என்று ஆங்கிலத்தில் அடித்து ஓர் இடம் விட்டு 8.8.8.8 என்று போடுங்கள். இது கூகுள் 2009-இலிருந்து நடத்தும் டிஎன்எஸ் சர்வரின் எண். பதில் வந்தால் பாதை திறந்திருக்கிறது. பதில் வந்தும் எந்தத் தளமும் திறக்கவில்லையென்றால் டிஎன்எஸ்ஸைச் சந்தேகியுங்கள். ரோடு நன்றாகத்தான் இருக்கிறது. பெயரைச் சொன்னால் வீட்டைக் காட்டும் முக்கு டீக்கடைக்காரர் கடையைச் சாத்திவிட்டார், அவ்வளவுதான். நெட்வொர்க் செட்டிங்கில் டிஎன்எஸ் என்ற இடத்தில் 8.8.8.8, அதற்குக் கீழே 1.1.1.1 என்று போட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

பழைய டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் தேதியையும் பாருங்கள். மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 காசு பேட்டரி தீர்ந்தால் கடிகாரம் பல வருடம் பின்னால் ஓடிவிடும். அப்போது நெட் இருந்தும், பாதுகாப்பில்லை என்று சொல்லிப் பிரௌசர் ஒவ்வொரு தளமாகத் தடுக்கும்.

அந்தப் பூகோள உருண்டையையும் முழுதாக நம்ப வேண்டாம். விண்டோஸ் அவ்வப்போது மைக்ரோசாப்ட் தளம் ஒன்றிலிருந்து ஒரு குட்டி டெக்ஸ்ட் ஃபைலை எடுத்துப் பார்க்கும். வந்தால் நெட் இருக்கிறது, வராவிட்டால் இல்லை என்பது அதன் கணக்கு. விபிஎன் போட்டிருந்தால் இந்தக் கணக்கு சில நேரம் தப்பும்.

ஆபீஸ் லேப்டாப்பாக இருந்தால் இந்தப் பகுதியில் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். டிஎன்எஸ் மாற்றுவது, ஆன்டிவைரஸை நிறுத்துவது, நெட்வொர்க் ரீசெட் எல்லாம் ஐடி ஆட்களின் வேலை. கூகுள் திறக்கிறது, ஆபீஸ் தளங்கள் மட்டும் திறக்கவில்லை என்றால் அது விபிஎன் கோளாறாகவோ பாஸ்வேர்டு காலாவதியாகவோ இருக்கும். டிக்கெட் போட்டு, அந்த எண்ணை மேனேஜருக்கும் அனுப்பிவிடுங்கள்.

புகார் கொடுக்கும்போது

"நெட் வரல சார்" என்றால், "மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்" என்பதுதான் பதில். "எல்ஓஎஸ் சிவப்புல மினுக்குது, ஒயர்ல மடிப்பு இல்ல, ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்துட்டேன்" என்று தொடங்குங்கள். பேச்சு நேராக லைன்மேனிடம் போகும். புகார் எண்ணைக் கேட்டு வாங்காமல் போனை வைக்காதீர்கள். பிறகு அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போக வேண்டி வந்தால் அந்த எண்ணைத்தான் கேட்பார்கள். லைன்மேன் அண்ணனின் நேரடி நம்பர் கிடைத்தால் அது தனி அதிர்ஷ்டம்.

கடைசியாக ஒரு வேலை. நெட் நன்றாக இருக்கும் இன்றைக்கே கஸ்டமர் ஐடி, புகார் நம்பர், ஐடி டெஸ்க் நம்பர் மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் தலையில் ஒட்டிவிடுங்கள். என் பெட்டியில் ஒட்டியிருக்கிறேன். பக்கத்திலேயே மனைவி தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறாள்: "பீரோவை நகர்த்தாதே."