ஒதியமரமும் நிலா விட்டிலும்

‘ஒதி பெருத்தாலும் உத்திரத்துக்கு ஆகாது’ என்பது நம் நாட்டுப் பழமொழி. மென்மரமாதலின் தச்சர் அதனைப் பொருட்படுத்தார். கிளையை வெட்டி நட்டாலும் துளிர்ப்பதால் வேலிக்காலாக நிற்பதே அதற்கு வாய்த்த பணி. காட்பாடியில் எம் வீட்டுக் கொல்லையிலும் அத்தகைய மரமொன்று உளது. அதனை அகற்றி முள்கம்பி வேலியிட எந்தையார் எண்ணியிருந்த நாளில், மழைக்கால இரவொன்றில், திண்ணை விளக்கருகே சுவரில் இளம்பச்சை இலையொன்று ஒட்டியிருக்கக் கண்டேன். அணுகியபோது அவ்விலை சிறகசைத்தது.

அதுவே நிலா விட்டில். விலங்கு நூலார் இதனை ஆக்டியாஸ் செலீன் என்பர். செலீன் என்பது பண்டைக் கிரேக்கர் வணங்கிய திங்கட் தெய்வத்தின் பெயர். சிறகு விரிந்த நிலையில் இதன் அகலம் ஏறத்தாழ 4 முதல் 5 அங்குலம். நான்கு சிறகுகளிலும் நிலாப் போன்ற புள்ளி உண்டு. பின்சிறகுகள் நீண்ட வால்களாய் முடியும்.

இவ்வால்கள் வெறும் அணியல்ல. வௌவால் தன் குரலின் எதிரொலி கொண்டே இருளில் இரை தேடும். இவ்வினத்ததாகிய அமெரிக்க லூனா விட்டிலை வைத்து நிகழ்த்திய ஆய்வொன்று 2015இல் வெளிவந்தது. பறக்கும்போது சுழலும் வால்கள் வௌவாலின் பாய்ச்சலை உடலினின்று விலக்கித் தம்பால் ஈர்த்தலை அது காட்டிற்று. வாலை இழந்தேனும் விட்டில் உயிர் தப்பும்.

வியப்பு இன்னும் ஒன்று உண்டு. வளர்ந்த நிலா விட்டிலுக்கு உண்ணத்தக்க வாய் இல்லை. புழுவாயிருந்தபோது தின்ற இலையே அதன் எஞ்சிய வாழ்நாளுக்குக் கட்டுச்சோறு. வாழ்வதோ ஏறத்தாழ ஒரு வாரம். அதற்குள் ஆண், இறகொத்த உணர்கொம்புகளால் பெண்ணின் மணத்தைத் தொலைவிலேயே அறிந்து சேர வேண்டும். பெண், தன் புழுக்கள் உண்ணத்தக்க மரத்தை நாடி முட்டையிட வேண்டும். எல்லா இலையும் அப்புழுவுக்கு ஏலா. அது உண்ணும் மரங்களுள் ஒதியும் ஒன்று. புழு முதிர்ந்ததும் இலைகளை இழையாற் பிணைத்துக் கூடமைக்கும். சருகெனக் கருதி நாம் கூட்டித் தீயிடும் குப்பையுள் அக்கூடும் இருத்தல் கூடும்.

இவற்றையெல்லாம் எந்தையாரிடம் எடுத்துரைத்தேன். அவர் சிறிது நேரம் மரத்தையே நோக்கியிருந்தார். மறுநாள் வந்த ஆளிடம், மரத்தை விட்டுவிட்டு அதிலேயே கம்பியை இழுத்துக் கட்டுமாறு கூறினார்.

தோழர்காள்! உத்திரத்துக்கு ஆகாமை ஒதியின் குறையன்று. அது நம் தேவையின் அளவே. அம்மரத்தை வெட்டுமுன் அதன் இலைகளை ஒருமுறை புரட்டிப் பார்மின்.