ஆராய்ச்சிப் படிப்புக்கு நகையை அடகு வைக்க வேண்டாம்



மண்டபம் பக்கம் ஒரு குழுக் கூட்டத்தில் உள்கடன் பேச்சு வந்தபோது ஓர் அக்கா சொன்னார்: “எம் மக எம்.எஸ்சி. கடைசி வருஷம். இன்னும் ஆராய்ச்சி படிக்கணும்ங்கிறா. காதுல கிடந்ததும் அடகுக்குப் போயிருச்சு. இனி எதை வைக்கிறது?” பக்கத்தில் இருந்தவர், “படிச்சது போதும்க்கா, மாப்பிள்ளையைப் பாருங்க” என்றார். யாரும் மறுத்துப் பேசவில்லை. அதனால்தான் இந்தப் பாடம்.

ராமேஸ்வரத்து அப்துல் கலாம் சென்னையில் பொறியியல் படிக்கச் சேர்ந்தபோது, கட்டணத்துக்காக அவருடைய அக்கா ஜோஹரா வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார். ஆனால் ஆராய்ச்சிப் படிப்பின் கணக்கு வேறு. தேர்வில் தேறினால் அரசாங்கமே நம் பிள்ளைக்கு மாதாமாதம் பணம் தரும்.

எவ்வளவு கிடைக்கும்?

அறிவியல் படித்தவர்களுக்கு சி.எஸ்.ஐ.ஆர். - யு.ஜி.சி. நெட் என்ற தேர்வு உண்டு. இதில் ஜே.ஆர்.எஃப். தகுதி பெற்று பிஎச்.டி. சேர்ந்தால் முதல் 2 ஆண்டு மாதம் 37,000 ரூபாய். வேலை திருப்தியாக இருந்தால் அடுத்து 42,000 ரூபாய். இது 2023 ஜனவரியில் உயர்த்திய தொகை. கடன் இல்லை, திருப்பிக் கட்ட வேண்டாம்.

யார் எழுதலாம்?

* எம்.எஸ்சி.யில் பொதுப் பிரிவுக்கு 55 சதவீதம், பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 50 சதவீதம் வேண்டும். கடைசி ஆண்டு படிப்பவரும் எழுதலாம்.
* வயது வரம்பில் பெண்களுக்கு 5 ஆண்டு தளர்வு உண்டு.
* கேள்விகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும். முதல் ஆண்டிலேயே பழைய கேள்வித்தாள்களைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

தேர்வு கடினம்தான், எல்லோருக்கும் கிடைத்துவிடாது. உதவிப் பேராசிரியர் தகுதி மட்டும் வந்தால் இந்தத் தொகை கிடையாது. தவறினால் மறுபடி எழுதலாம்.

கல்யாணம் ஆகிவிட்டால்?

படிப்பை நிறுத்த வேண்டியதில்லை. பிஎச்.டி. படிக்கும் பெண்களுக்கு 240 நாள் வரை மகப்பேறு விடுப்பும், முடிக்கக் கூடுதலாக 2 ஆண்டும் யு.ஜி.சி. விதியிலேயே இருக்கிறது.

தூரமா போகணுமா?

தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை இருக்கிறது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகமே 1949 முதல் 1971 வரை மண்டபம் முகாமில்தான் இருந்தது. இன்றும் அங்கே அதன் மையம் செயல்படுகிறது. நாம் எடுக்கும் பாசியையும் நண்டையும் பற்றி ஆராய வெளியூர்ப் பிள்ளைகள் வருகிறார்கள். நம் பிள்ளைகள் ஏன் செய்யக்கூடாது?

கவனம்!

“ஃபெல்லோஷிப் வாங்கித் தர்றேன்” என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். தேர்வுக்கு விண்ணப்பக் கட்டணம் மட்டுமே. உதவித்தொகை சில சமயம் தாமதமாக வரும். அந்த மாதங்களுக்குக் குழுவின் சிறு கடன் கைகொடுக்கும்.

அடுத்த கூட்டத்தில் இந்த விவரத்தைச் சொன்னோம். அந்த அக்கா, விண்ணப்பத்துக்கும் தேர்வுக்குப் போய்வரும் பஸ் செலவுக்கும் மட்டும் கடன் கேட்டார். மாப்பிள்ளை பார்க்கச் சொன்னவரே முதலில் தீர்மானத்தில் கையெழுத்துப் போட்டார்.

குழுவில் பேசுங்கள்:

1. நம் ஊரில் அறிவியல் பட்டப்படிப்பு படிக்கும் பெண் பிள்ளைகள் எத்தனை பேர்?
2. அவர்களிடம் இந்தத் தேர்வைப் பற்றி யார் சொல்லப் போகிறோம்?