மாயத்துக்குள் போகுமுன் கதிரையைத் தள்ளுங்கள்
கனடாவிலிருந்து வந்த மாமா கோப்பாய் வீட்டுக்கு தலையில் மாட்டும் மெய்நிகர்க் கருவியான மெட்டா குவெஸ்ட் கொண்டுவந்தாரா? முதலில் கதிரைகளை ஒதுக்கி, இரண்டு மீற்றருக்கு இரண்டு மீற்றர் இடம் எடுங்கள். மேலே சுழலும் மின்விசிறியையும் பாருங்கள். வாள் வீசும் விளையாட்டான ‘பீட் சேபர்’ ஆடும் கை அதைத் தேடித்தான் போகும்.

கருவியை மாட்டினால், தலை திரும்பிய கணமே படமும் திரும்புகிறது, சத்தமும் அந்தந்தத் திசையிலிருந்தே வருகிறது; அதில்தான் மூளை ஏமாறுகிறது. படம் சற்றுப் பிந்தினால் தலைசுற்றுத்தான் மிஞ்சும். கால் நிற்க, காட்சி மட்டும் ஓடும் விளையாட்டும் அப்படியே: உட்காது சொல்வதும் கண் சொல்வதும் ஒவ்வாது. புதிதாக ஆடுபவர் பத்து நிமிடத்தில் கழற்றட்டும்.

இருட்டறை வேண்டாம், கருவியின் கமராக்களுக்கு வெளிச்சம் தேவை. ஆனால் வெயில் விழும் விறாந்தையில் கழற்றி வைத்துவிடாதீர்கள். வில்லைகள் வெயிலைக் குவித்துத் திரையைச் சுட்டுவிடும்.