நான்கு மொழிக் கையேட்டுக்கு ஒரே மூலம்

சிங்கப்பூரில் பொருள் சேவை வரி 2023 ஜனவரி 1 முதல் 8 விழுக்காடு, 2024 ஜனவரி 1 முதல் 9 விழுக்காடு என அடுத்தடுத்து ஏறியது. சிராங்கூன் சாலையில் பில் போடும் இயந்திரம் விற்கும் ஒரு கடை, நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் தனித்தனி வேர்டு கோப்பாகக் கையேடு வைத்திருந்தால், அச்சுப்படி, இணையப்படி என்று எட்டு இடங்களில் திருத்த வேண்டியிருக்கும்; ஏதாவது ஒன்று நிச்சயம் விட்டுப்போகும். ஆகவே எழுதும் மென்பொருளை வாங்குமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ஓரிடத்தில் எண்ணை மாற்றினால் எல்லாப் படிகளிலும் மாறுமா என்பதே. டிட்டா (DITA) என்ற ஆவண முறையைப் பின்பற்றும் கருவிகளில் மாறும். மார்க்டவுன் என்ற எளிய எழுத்து வடிவை ஸ்பிங்க்ஸ் என்ற ஆவண உருவாக்கியோடு சேர்த்தாலும் மாறும், அதுவும் இலவசமாக. இந்தக் கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git) மொழிபெயர்ப்பாளருக்குப் புரியாதே என்பார்கள். நியாயம்தான், அவர் கூகுள் டாக்ஸில் கருத்து மட்டும் எழுதட்டும், அதை மூலத்தில் ஒருவரே சேர்க்கட்டும். ஒரே மொழியில் இரண்டு பக்கம்தான் என்றால் இதெல்லாம் வீண்வேலை, வேர்டே போதும்.