சொட்டு எங்கிருந்து வருது?
கியர்பாக்ஸ் ஆயில் கசிவைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் பாடம்



நம்ம மலையில் ஒரு வேடிக்கைப் பேச்சு உண்டு. "லேண்ட் ரோவர் ஒழுகலேன்னா உள்ள ஆயில் இல்லேன்னு அர்த்தம்" என்பார்கள். ரிங்லெட்டிலிருந்து பிரிஞ்சாங் வரை இதைச் சொல்லிச் சிரிக்காத டிரைவர் கிடையாது. சிரிச்சுட்டுப் போகலாம்தான். ஆனால் அந்தப் பேச்சே பழக்கமாகி, கீழே சொட்டுகிற ஆயிலை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. மாதம் ஒருமுறை கொஞ்சம் ஊற்றி நிரப்பிட்டு ஓட்டுகிறோம். இந்தக் கசிவுகளில் ஒன்று, வண்டியின் ஹேண்ட் பிரேக்கையே செயலிழக்க வைக்கும். சரிவில் நிற்கும் வண்டிக்கு அது என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். அதனால்தான் இந்த மாதப் பாடத்துக்கு இதை எடுத்துக்கொண்டேன்.

திருக்குறளில் 'மருந்து' என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. என்ன நோய், எதனால் வந்தது, எப்படித் தீரும் என்று வரிசையாகப் பார்த்த பிறகுதான் மருத்துவர் கை வைக்கணும் என்பது வள்ளுவர் அங்கே சொல்லும் முறை. பட்டறை வேலைக்கும் அதே வரிசைதான். நாமும் அப்படியே போவோம்.

1. மலையும் வண்டியும்

இங்கே தேயிலை 1929-இல் போ தோட்டத்தோடு பெரிய அளவில் தொடங்கியது. லேண்ட் ரோவர் இங்கிலாந்தில் 1948-இல் வந்தது. தோட்டத்து மண் பாதைக்கும், காய்கறிக் கொல்லைக்கும், மழையில் வழுக்கும் ஏற்றத்துக்கும் அது பொருந்திப்போச்சு. 1971 முதல் 1985 வரை தயாரான சீரிஸ் மூன்று வண்டிகள் இன்றும் இங்கே சுமை இழுக்கின்றன. கோயில் திருவிழாவுக்கு அரிசி மூட்டை ஏற்றுவதும், பள்ளி விளையாட்டுப் போட்டிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போவதும் பல லயங்களில் இதே வண்டிதான். அதனால் சீரிஸ் வண்டியை வைத்தே பாடத்தைச் சொல்கிறேன். மற்ற வண்டிகளுக்குக் கடைசியில் வருகிறேன்.

2. உள்ளே என்ன இருக்கு?

எஞ்சினுக்குப் பின்னால் கியர்பாக்ஸ். அதற்குப் பின்னால் ஒட்டினாற்போல் டிரான்ஸ்பர் பாக்ஸ். நான்கு சக்கர இழுவைக்கும் 'லோ' கியருக்கும் அதுதான் பொறுப்பு. இரண்டுக்கும் ஆயில் தனித்தனி. சீரிஸ் வண்டியில் கியர்பாக்ஸுக்குச் சுமார் 1.5 லிட்டர், டிரான்ஸ்பர் பாக்ஸுக்குச் சுமார் 2.5 லிட்டர். இரண்டிலும் இ.பி. 90 என்ற கெட்டியான கியர் ஆயில்.

இப்போ முக்கியமான விஷயம். சாதாரணக் காரில் ஹேண்ட் பிரேக்கை இழுத்தால் பின் சக்கரங்கள் நேரடியாகப் பிடிபடும். லேண்ட் ரோவரில் அப்படி இல்லை. டிரான்ஸ்பர் பாக்ஸின் பின்பக்கம், ஷாப்ட் வெளியே வரும் இடத்தில் ஒரு டிரம் இருக்கிறது. ஹேண்ட் பிரேக் அந்த டிரம்மைத்தான் பிடிக்கும். டிரம் நின்றால் ஷாப்ட் நிற்கும், ஷாப்ட் நின்றால் சக்கரம் நிற்கும். அந்த டிரம்முக்கு முன்னாலேயே ஆயிலைத் தடுக்கும் ரப்பர் சீல் இருக்கு. சீல் தேய்ந்தால் ஆயில் டிரம்முக்குள் போகும். பிரேக் ஷூ ஊறிப்போகும். நீங்கள் எவ்வளவு இழுத்தாலும் பிடிக்காது.

3. படுக்கும் முன்னே

இதைப் படிக்காமல் யாரும் வண்டிக்கு அடியில் போகக்கூடாது.

வண்டி சமதளத்தில் நிற்கணும். லயத்து வாசல் சரிவில் வேண்டாம். நான்கு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் முட்டுக்கட்டை போடுங்கள். ஹேண்ட் பிரேக்கை நம்பாதீர்கள். ஏன் தெரியுமா? ஒரு பின் சக்கரத்தை ஜேக்கில் தூக்கினாலே, தூக்கிய சக்கரம் டிபரென்ஷியல் வழியாகச் சும்மா சுற்றும். தரையில் இருக்கிற சக்கரத்தை ஹேண்ட் பிரேக்கால் பிடித்து வைக்க முடியாது, வண்டி உருளும். ஷாப்டைக் கழற்றிவிட்டால் டிரம்முக்கும் பின் சக்கரத்துக்கும் தொடர்பே இல்லை. இந்த வேலையில் அந்த ஷாப்டைத்தான் கழற்றப் போகிறோம். அப்போது வண்டியை நிறுத்தி வைத்திருப்பது முட்டுக்கட்டை மட்டும்தான்.

லேண்ட் ரோவர் உயரமான வண்டி, தூக்காமலே அடியில் போகலாம். தூக்கியே ஆகணும்னா ஜேக்கை மட்டும் நம்பாமல் ஸ்டேண்டு வையுங்கள். செங்கல் அடுக்கக் கூடாது, அது நொறுங்கும். தனியாகவும் செய்யாதீர்கள். பக்கத்தில் ஒரு ஆள் இருக்கட்டும்.

4. எந்த எண்ணெய்?

கீழே சொட்டுவதெல்லாம் கியர் ஆயில் இல்லை. வெள்ளை அட்டை ஒன்றை இரவு வண்டிக்கடியில் விரித்து, சக்கரம் இருக்கும் இடத்தை அதில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் எடுத்துப் பாருங்கள்.

கறுப்பு, புகை வாசம்: எஞ்சின் ஆயில்.
கெட்டி, பிசுபிசுப்பு, கந்தக வாசம்: கியர் ஆயில். ஒருமுறை முகர்ந்தவர் மறக்கமாட்டார்.
சிவப்பு, மெல்லியது: ஆட்டோ கியர் ஆயில். பவர் ஸ்டியரிங்கிலும் இருக்கலாம்.
தண்ணீர் மாதிரி மெல்லியது, பெயிண்ட்டைத் தின்னும்: பிரேக் அல்லது கிளட்ச் ஆயில். இது தெரிந்தால் வண்டியை எடுக்கவே வேண்டாம்.
பச்சை அல்லது வேறு சாயம், லேசான இனிப்பு வாசம்: ரேடியேட்டர் தண்ணீர்.

நம்ம ஊர்ப் பனியில் அட்டை நனைந்திருக்கும். தண்ணீர் காய்ந்துவிடும், ஆயில் கறையாக நிற்கும். குழப்பம் வேண்டாம்.

5. எங்கிருந்து?

ஈரம் எங்கே சொட்டுதோ அங்கேதான் ஓட்டை என்று நினைப்பதால்தான் பலர் தேவையில்லாத சாமானை மாற்றிக் காசு விடுகிறார்கள். ஆயில் கீழே இறங்கும். வண்டி ஓடும்போது காற்றில் பின்னாலும் போகும். ஆகவே ஈரமான இடங்களில் எது எல்லாவற்றுக்கும் மேலே, எல்லாவற்றுக்கும் முன்னே இருக்கு என்று தேடணும்.

முதலில் சேறும் பழைய ஆயிலும் போக நன்றாகக் கழுவுங்கள். காயவிடுங்கள். சந்தேகமான இடங்களில் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவுங்கள். இருபது நிமிடம் ஓட்டி ஆயில் சூடானதும் டார்ச் அடித்துப் பாருங்கள். பவுடரில் கோடு விழுந்த இடத்தின் உச்சிதான் ஆரம்பம்.

பெரும்பாலும் இந்த இடங்களில் ஒன்றாக இருக்கும்:

எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் மணி மாதிரியான கூட்டின் அடித்துளை. அங்கே எஞ்சின் ஆயில் வந்தால் எஞ்சினின் பின் சீல், கியர் ஆயில் வந்தால் கியர்பாக்ஸின் முன் சீல். இரண்டுக்கும் கியர்பாக்ஸைப் பிரிக்கணும். வீட்டில் வேண்டாம்.
டிரெயின் பிளக். வாஷர் நசுங்கியிருக்கும். சுலபமான வேலை.
மூடிகளின் கேஸ்கட். முதலில் போல்ட் தளர்ந்திருக்கான்னு பாருங்கள்.
பின் சீல், டிரம்முக்குள். டிரம்மைச் சுற்றி ஈரம், ஹேண்ட் பிரேக் பிடிப்புக் குறைவு, இரண்டும் சேர்ந்து வந்தால் இதுதான்.

கியர்பாக்ஸ் மூச்சுவிட ஒரு சின்ன வழி உண்டு. சூட்டில் உள்ளே காற்று விரியும். அந்த வழியைச் சேறு அடைத்திருந்தால் அழுத்தம் ஆயிலைச் சீல் வழியாகத் தள்ளும். அதைச் சுத்தம் செய்யாமல் புதுச் சீல் போட்டால் அதுவும் கசியும்.

6. அளவு பார்ப்பது

பக்கவாட்டில் ஆயில் ஊற்றும் பிளக் இருக்கு. அதன் வாய் மட்டத்துக்கு ஆயில் நிற்கணும். விரலை விட்டுப் பாருங்கள்.

டிரான்ஸ்பர் பாக்ஸ் பிளக்கைத் திறந்ததும் ஆயில் கொட்டுது, கியர்பாக்ஸில் அளவு குறைவு என்றால் கவனியுங்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள சீல் போய், கியர்பாக்ஸ் ஆயில் டிரான்ஸ்பர் பாக்ஸுக்கு இறங்குகிறது. அளவுக்கு மேல் நிரம்பியதுதான் பின்னால் வழியுது. இந்த நிலையில் பின் சீலை மட்டும் மாற்றுவது வீண். கியர்பாக்ஸ் பக்கம் ஆயில் தீர்ந்து பல்லும் தேயும். வண்டி பட்டறைக்குப் போகணும்.

7. பின் சீல் மாற்றுதல்

இங்கிலாந்து வண்டி, அங்குல ஸ்பானர் வேணும். மில்லிமீட்டர் ஸ்பானரைப் போட்டு நட்டின் முனையை மழுக்காதீர்கள்.

அ) முதலில் ஊற்றும் பிளக்கைத் திறங்கள். அது திறக்கும்னு தெரிந்த பிறகே டிரெயின் பிளக்கைக் கழற்றணும். மாற்றிச் செய்தால் ஆயில் போய்விடும், திரும்ப ஊற்ற வழி இருக்காது.
ஆ) டிரான்ஸ்பர் பாக்ஸ் ஆயிலைப் பாத்திரத்தில் பிடியுங்கள். வெள்ளி மாதிரி நைசான தூள் இருந்தால் வழக்கமான தேய்மானம். துண்டு துண்டாக இரும்பு வந்தால் அங்கேயே நிறுத்தி மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.
இ) ஷாப்டும் ஃபிளேஞ்சும் சேரும் இடத்தில் கோடு போட்டுவிட்டு நான்கு நட்டையும் கழற்றுங்கள். திரும்ப அதே கோட்டில் சேரணும், இல்லேன்னா ஆட்டம் வரும்.
ஈ) முட்டுக்கட்டையை மறுபடி பார்த்துவிட்டு ஹேண்ட் பிரேக்கை இறக்குங்கள். டிரம்மைக் கழற்றுங்கள்.
உ) ஃபிளேஞ்சு சுற்றாமல் இரும்புப் பட்டை ஒன்றை போல்ட் போட்டுப் பிடித்து, நடு நட்டைக் கழற்றி ஃபிளேஞ்சை இழுங்கள். ஷூவும் தட்டும் வழியை மறைத்தால் அவற்றையும் எடுங்கள்.
ஊ) பழைய சீலைச் சுற்றியுள்ள கூட்டில் கீறல் விழாமல் நெம்பி எடுங்கள்.
எ) ஃபிளேஞ்சில் சீல் உரசும் இடத்தை நகத்தால் தடவுங்கள். நகம் மாட்டுகிற மாதிரி பள்ளம் இருந்தால் புதுச் சீலும் நிற்காது, ஃபிளேஞ்சையும் மாற்றணும்.
ஏ) புதுச் சீலின் உதட்டில் ஆயில் தடவி, உதடு ஆயில் இருக்கும் பக்கம் பார்க்க, கோணாமல் நேராகத் தட்டி இறக்குங்கள். நடு நட்டுக்கு அடியில் உள்ள வாஷர்களையும் புதுசா போடுங்கள். ஷாப்ட் பல் வழியாகவும் ஆயில் வரும்.
ஐ) ஆயில் குடித்த பிரேக் ஷூவைக் கழுவிப் போட்டு ஏமாறாதீர்கள். சூடானால் உள்ளே ஊறியது மறுபடி வெளியே வரும். புதுசு போடுங்கள். டிரம்மை மட்டும் சுத்தமாகத் துடைக்கலாம்.
ஒ) எல்லாவற்றையும் பூட்டி, பிளக் வாய் மட்டம் வரை ஆயில் ஊற்றி, ஹேண்ட் பிரேக்கைச் சரிபாருங்கள்.

சோதனை: முதலில் சமதளம். பிறகு சின்னச் சரிவு, முட்டுக்கட்டையைச் சக்கரத்துக்கு ஒரு சாண் கீழே போட்டுவிட்டு. மறுநாளும் ஒரு வாரம் கழித்தும் அட்டையை விரித்துப் பாருங்கள். இந்த ஹேண்ட் பிரேக்கை ஓடும்போது இழுக்கக் கூடாது. ஷாப்டுக்கும் கியருக்கும் அடி விழும்.

8. வீட்டில் வேறு வண்டி என்றால்

ஆட்டோ கியர் உள்ள சாகாவோ மைவியோ ஆனாலும் கண்டுபிடிக்கும் முறை இதேதான்: கழுவு, காயவிடு, பவுடர், அட்டை. ஆனால் ஊற்றும் ஆயில் மாறும். ஏ.டி.எஃப். வேறு, சி.வி.டி. ஆயில் வேறு. ஒன்றுக்குப் பதில் இன்னொன்று ஊற்றினால் கியர்பாக்ஸே போகும். பல ஆட்டோ வண்டிகளில் அளவு பார்க்கும் குச்சி கிடையாது. ஆயில் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போதுதான் அளவு பார்க்க முடியும். எங்கே கசியுது என்று நீங்கள் கண்டுபிடித்துச் சொல்லுங்கள், கை வைப்பது பட்டறையாக இருக்கட்டும். இடத்தைக் காட்டத் தெரிந்தவரிடம் தேவையில்லாத சாமானுக்குப் பணம் கேட்பது கஷ்டம்.

9. பழைய ஆயில்

காலி போத்தலில் ஊற்றி மூடி, பழைய ஆயில் வாங்கும் பட்டறையில் கொடுங்கள். நம் நாட்டுச் சட்டத்தில் பழைய லூப்ரிகேட்டிங் ஆயில் எஸ்.டபிள்யூ. 305 என்ற எண்ணில் கட்டுப்பாட்டுக் கழிவுப் பட்டியலில் இருக்கிறது. வாசல் காணில் ஊற்றினால் அது பெர்த்தாம் ஆற்றுக்கும் ரிங்லெட் அணைக்கும்தான் போகும். கங்கையைத் தாய் என்று கும்பிடுகிற நாம் இங்கே ஓடும் ஆற்றில் ஆயில் விடலாமா?

ஆயுத பூஜையன்று வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரத்தில் எலுமிச்சை நசுக்குகிறோம். நல்ல வழக்கம், விடக்கூடாது. அதோடு அன்றைக்கு ஒரு அட்டையும் விரிப்போம். நம்ம வண்டியில் ஏறுவது அடுத்த வீட்டுப் பிள்ளை. அந்த நம்பிக்கைக்குப் பொறுப்பாக இருப்பதும் பூஜையில் ஒரு பகுதிதான்.

வகுப்பில் கலந்து பேச

1. ஒரு பின் சக்கரத்தைத் தூக்கிய லேண்ட் ரோவர், ஹேண்ட் பிரேக் போட்டும் ஏன் உருளும்?
2. டிரான்ஸ்பர் பாக்ஸில் ஆயில் கூடுதல், கியர்பாக்ஸில் குறைவு. என்ன காரணம்?
3. கிளை வண்டி, கோயில் வண்டி, வீட்டு வண்டி என மூன்றுக்கு அடியில் அட்டை விரித்து, கண்டதை அடுத்த வகுப்பில் சொல்லுங்கள்.